திறீ நோட் திறீயின் நீண்ட ஆயுள்

(கல்முனையில் நிகழ்த்தப்பட்ட பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

 



துவக்கைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் சிலர் தயங்கினார்கள். தயக்கம் நியாயமானது. பெரியநீலாவணையிலிருந்து பொத்துவில் வரை இந்தக் கரையில் எந்தத் தெருவுக்குப் போனாலும், அந்தச் சொல்லைக் கேட்டதும் பேச்சை நிறுத்திவிடுகிற ஒரு வீடாவது இருக்கும். அப்படி இருப்பதால்தான் இதைப் பேச நினைத்தேன். ஒரு பொருள் நம்முடைய வாழ்க்கைக்குள் இவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது. அதை யார் செய்தார்கள், எங்கே செய்தார்கள், எதற்காக இத்தனை காலம் வைத்திருந்தார்கள் என்பதையெல்லாம் கேட்காமல் விட்டால், நமக்கு நடந்ததில் பாதி நமக்கே விளங்காமல் போய்விடும்.

எல்லாத் துவக்குகளையும் பற்றி நான் பேசவில்லை. ஒன்றே ஒன்று. நம்முடைய பொலிஸ்காரர்கள் தோளில் தொங்கிய, மரமும் இரும்புமாகச் செய்த, ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய அந்த நீண்ட ரைபிள். ஊரில் அதற்குப் பெயர் திறீ நோட் திறீ. செய்தவர்கள் வைத்த பெயர் லீ-என்பீல்ட். குழலின் உள்விட்டம் .303 அங்குலம், அதாவது 7.7 மில்லிமீற்றர், ஊர்ப்பெயர் அந்த அளவிலிருந்து வந்தது. இந்த வகையில் மொத்தம் 1 கோடியே 70 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டிருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு.

இன்றைக்கு இங்கிலாந்திலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் இதைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் இதைச் சுமந்தவர்கள் அப்படித் தேடி வாங்கியவர்கள் அல்ல. வேறு எதுவும் கொடுக்கப்படாததால் சுமந்தார்கள். அங்கே விருப்பம், இங்கே வழியின்மை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே காரணம்: அது கெட்டுப்போகாத மாதிரிச் செய்யப்பட்டிருந்தது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான்.

கதையைத் தியத்தலாவையிலிருந்து தொடங்கலாம். 1900ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் தென்னாபிரிக்காவிலிருந்து போயர் யுத்தக் கைதிகள் கப்பலில் வந்து இறங்கினார்கள். தியத்தலாவை முகாமில் ஏறக்குறைய 5,000 பேர் அடைக்கப்பட்டார்கள். இவர்கள் ஹொலண்டு வழிவந்த விவசாயிகள்; குதிரை ஏறவும் குறிதவறாமல் சுடவும் சிறுவயதிலேயே பழகியவர்கள். இவர்கள் கையில் இருந்தது ஜெர்மன் மௌசர் ரைபிள், 7 மில்லிமீற்றர். ஐந்து ரவைகளை ஒரு மெல்லிய தகட்டில் கோத்து, ஒரே அழுத்தில் ரவைக்கூட்டுக்குள் இறக்கிவிடுவார்கள். எதிரே நின்ற பிரித்தானியச் சிப்பாய் தன்னுடைய ரைபிளுக்குள் ஒவ்வொரு ரவையாகப் போட்டுக்கொண்டிருந்தான். உலகத்தின் மிகப் பெரிய பேரரசின் படை, விவசாயிகளின் குறியிலும் வேகத்திலும் அடிபட்டுப்போனது. போரில் பிரித்தானியா வென்றது. ஆனாலும் தோற்றவனிடமிருந்து பாடம் படித்தது. காலாட்படைக்கு நீளமாக ஒன்று, குதிரைப்படைக்குக் குட்டையாக ஒன்று என்று இரண்டு ரைபிள் வைத்திருந்ததை விட்டு, எல்லோருக்கும் ஒரே அளவாக, தகட்டிலிருந்து ரவை இறக்கக்கூடியதாக, 1902இன் முடிவில் ஒரு புதிய வடிவத்தை ஏற்றுக்கொண்டது. அதுதான் குட்டை லீ-என்பீல்ட். 1907இல் அதன் மூன்றாம் வடிவம் வந்தது. நம்முடைய பொலிஸ் நிலையங்களில் இருந்த பழைய திறீ நோட் திறீகளுக்கு மூலம் அந்த மூன்றாம் வடிவம்தான். நம் நாட்டு மலையில் அடைபட்டிருந்த கைதிகள் கற்றுக்கொடுத்த பாடம், பிறகு நம் நாட்டுப் பொலிஸ்காரரின் தோளுக்கு ரைபிளாக வந்து சேர்ந்தது.

அந்தக் கைதிகளில் ஒருவரைப் பற்றி இடையில் ஒரு வார்த்தை. எங்கல்பிரெக்ட் என்பவர் பிரித்தானிய முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்ப முடியவில்லை. இங்கேயே தங்கி, யால காட்டின் முதல் காவலராக ஆனார். 1914இல் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்று பழி சுமத்திச் சிறையில் போட்டார்கள். அது பொய் என்று பிற்பாடு தெரியவந்தது. பாணமைக்கும் குமணைக்கும் போகிறவர்கள் அந்தக் காட்டின் ஓரத்தைத் தொட்டுத்தான் வருகிறீர்கள்.

இனி, ரைபிளின் பெயரில் இருக்கிற லீயைப் பார்ப்போம். ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831இல் ஸ்கொட்லாந்தில் ஹோவிக் என்ற ஊரில் பிறந்தவர். சிறுபிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் கனடாவுக்குக் குடிபெயர்ந்து, ஒன்ராறியோ மாகாணத்தில் கோல்ட் என்ற ஊரில் குடியேறியது. தகப்பன் கடிகாரமும் நகையும் செய்கிறவர். மகனும் அந்தத் தொழிலையே பழகினார். கடிகாரத்துக்குள் நெம்பும் வில்லும் இழுத்துத் தள்ளுவதை அன்றாடம் பார்த்த கண்தான் பிற்பாடு துவக்குக்குள் எட்டிப் பார்த்தது. அமெரிக்காவுக்குப் போய், ரவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் வில் வைத்துத் தள்ளுகிற பெட்டி ரவைக்கூட்டை உருவாக்கினார். 1879இல் உரிமம் கிடைத்தது. இன்று உலகத்தில் உள்ள பெரும்பாலான படைத் துவக்குகளின் அடியில் தொங்குகிற பெட்டிக்கு அது முன்னோடி. அவருடைய பொறியமைப்பும் மெற்போர்ட் என்பவர் வகுத்த குழல் புரியும் சேர்ந்த ரைபிளை 1888இல் பிரித்தானியா ஏற்றது. பிறகு கோர்டைட் என்ற புகையில்லா மருந்து வந்தது. அதன் வெப்பத்தில் மெற்போர்ட்டின் ஆழமில்லாத புரிகள் விரைவில் தேய்ந்துபோயின. இலண்டனுக்கு வடக்கே என்பீல்டில் இருந்த அரச ஆயுதத் தொழிற்சாலை ஐந்து ஆழமான புரிகள் வெட்டிப் புதிய குழல் செய்தது. 1895இல் லீயின் பெயரோடு என்பீல்டின் பெயரும் சேர்ந்துகொண்டது.

இந்தப் பொறி எப்படி வேலை செய்கிறது என்பதை மாணவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். உருளைக் கம்பியின் கைப்பிடியை மேலே திருப்பி, பின்னால் இழுத்தால் திறக்கும்; முன்னால் தள்ளி, கீழே திருப்பினால் பூட்டும். ரைபிளிலும் அதே அசைவுதான். பின்னால் இழுக்கும்போது வெடித்த வெற்றுக்கோது வெளியே வந்து விழும். முன்னால் தள்ளும்போது அடுத்த ரவை மேலேறி அறைக்குள் போகும். கைப்பிடியைக் கீழே திருப்பியதும் இரண்டு இரும்புக் காதுகள் சட்டத்தின் பள்ளங்களில் போய் மாட்டி, வெடியின் முழு உதையையும் தாங்கிக்கொள்ளும். மௌசரில் இந்தக் காதுகள் முன்னால், ரவையின் தலைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதனால் மிகுந்த வலிமை. லீயின் பொறியில் அவை பின்னால் இருக்கின்றன. வெடிக்கும்போது சட்டம் மயிரிழை அளவு நெகிழும். வலிமையில் மௌசருக்கு ஒரு படி குறைவு. அதற்குப் பதிலாகக் கிடைத்தது வேகம். மௌசரின் கைப்பிடியை 90 பாகை திருப்ப வேண்டும், லீயுடையதை 60 பாகை திருப்பினால் போதும். கைப்பிடி விசைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கை அலைய வேண்டியதில்லை. மௌசரில் ஐந்து ரவை, இதில் பத்து.

முதலாம் உலக யுத்தத்துக்கு முந்திய பிரித்தானியச் சிப்பாய்க்கு ஒரு சோதனை இருந்தது. 300 யார் தூரத்தில் உள்ள குறியை ஒரு நிமிடத்தில் 15 முறையாவது அடிக்க வேண்டும். நன்கு பழகியவர்கள் அதைவிடக் கூடுதலாக அடித்தார்கள். 1914 ஓகஸ்ட் 23ஆம் திகதி பெல்ஜியத்தில் மொன்ஸ் என்ற இடத்தில் நெருக்கமாக வந்த ஜெர்மன் வரிசைகள் இந்த வேகத்தின் முன்னால் சரிந்தன. எதிரே இயந்திரத் துவக்குகள் நிற்கின்றன என்றே ஜெர்மானியர்கள் எண்ணினார்கள் என்று சொல்வார்கள். ஒரு பொறியின் வடிவமும் ஒரு மனிதனின் பயிற்சியும் சேர்ந்து செய்கிற வேலை அது. அன்று சரிந்தவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள்தான் என்பதையும் மறக்காமல் சொல்லிவைக்கிறேன்.

இங்கிலாந்தில் மட்டும் செய்திருந்தால் இந்த ரைபிள் இத்தனை கண்டங்களில் பரவியிருக்காது. அவுஸ்திரேலியாவின் லித்கோவில் 1912இல் தொழிற்சாலை திறந்தார்கள். அமெரிக்காவிலிருந்து இயந்திரங்களை இறக்கி, உள்ளூர் மரத்தில் பிடங்கு செய்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் கனடாவின் லோங் பிராஞ்சிலும் அமெரிக்காவில் மசசூசெட்ஸ் மாநிலத்திலும் நம்பர் 4 என்ற அடுத்த வடிவம் இலட்சக்கணக்கில் வெளிவந்தது. யுத்தத்துக்குப் பிறகு பாகிஸ்தானின் வாஹ் தொழிற்சாலையும் அதைச் செய்தது. நமக்கு நெருக்கமானது கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் உள்ள இஷாப்பூர். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்திலேயே வெடிமருந்து செய்த ஊர். அங்கே 1904இல் ரைபிள் தொழிற்சாலை அமைந்தது. அதே கல்கத்தாப் பக்கத்து டம்டம்மில்தான் உடலுக்குள் போய் மலர்கிற சன்னத்தை .303க்காகச் செய்தார்கள். அது செய்கிற காயத்தின் கொடுமையைக் கண்டு, 1899இல் ஹேக் மாநாட்டில் யுத்தத்துக்கு அதைத் தடைசெய்தது உலகம். டம்டம் என்ற ஊரின் பெயர் இன்றும் அந்தச் சன்னத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இஷாப்பூரில் செய்த ரைபிளைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு வரலாற்றுப் புத்தகத்தை வாசிக்கலாம். பிடங்கு சட்டத்தோடு சேருகிற இடத்தில் வலது பக்கத்தில் ஓர் இரும்பு வளையம் இருக்கும். பழையவற்றில் அதில் ஒரு கிரீடம், அதன் கீழே ஜீ.ஆர்.ஐ. என்ற எழுத்துகள், அதாவது ஜோர்ஜ் மன்னர், பேரரசர். அதற்குக் கீழே இஷாப்பூர், ஆண்டு, வடிவத்தின் பெயர். 1947க்குப் பிறகு கிரீடம் போய்விட்டது. அசோகச் சிங்கங்கள் வந்தன. முத்திரை மாறியது, ரைபிள் மாறவில்லை. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கிற நாட்டில் மரம் பிளந்துவிடும் என்பதால், முன்பக்க மரத்தின் குறுக்கே ஒரு திருகாணியை இறுக்கிவிடுகிற வழக்கத்தையும் இஷாப்பூர்க்காரர்கள் கொண்டுவந்தார்கள். என்பீல்டில் வரைந்த வரைபடத்தில் அந்தத் திருகாணி கிடையாது. நம்முடைய வெயிலையும் மழையையும் அறிந்த ஒரு தொழிலாளியின் கை அதைச் சேர்த்தது. எனக்கு இந்த ரைபிளில் மிகவும் பிடித்தது அந்தச் சிறிய திருகாணிதான்.

நான் இதை முதன்முதலில் கிட்டத்தில் பார்த்தது பாடசாலைக் கடெற் அணியில் இருந்தபோது. எங்களுக்குத் தந்தவை பயிற்சிக்கு மட்டுமானவை. டீ.பி. என்று பிடங்கில் குத்தியிருக்கும். சுட முடியாதபடி குழலில் துளை போட்டிருக்கும். சுடாத ரைபிளாக இருந்தாலும் துப்புரவில் ஒரு சலுகையும் இல்லை. பிடங்கின் அடியில் பித்தளைத் தகடு. அதில் ஒரு சிறிய கதவு. பெருவிரலால் தள்ளித் திறந்தால் உள்ளே ஒரு பித்தளை எண்ணெய்க் குப்பி, நுனியில் பாரம் கட்டிய ஒரு கயிறு. கயிற்றின் கண்ணியில் நான்குக்கு இரண்டு அங்குலத் துணித்துண்டைக் கோத்துக் குழலுக்குள் விட்டு, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் துணி சிக்கிவிடும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய், உள்ளங்கைச் சூடு ஏறும்வரை தேய்த்தல். நம்முடைய கடற்காற்றில் பித்தளை இரண்டு நாளில் பச்சை பூத்துவிடும். திங்கட்கிழமை மினுக்கியது புதன்கிழமை மங்கிப்போகும். இரும்பில் எங்காவது செம்புள்ளி தெரிந்தால் அன்றைக்கு மாஸ்டரிடம் தண்டனை உறுதி. உண்மையாகவே சுடுகிற ரைபிளுக்கு இதைவிடக் கூடுதல் வேலை. பழைய ரவையின் பற்றுமருந்து குழலுக்குள் உப்பை விட்டுவிட்டுப் போகும். சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிநீரை ஊற்றிக் கழுவிய பிறகுதான் எண்ணெய் போடுவார்கள். மறந்தவனுடைய குழல் ஒரு வாரத்தில் துருவால் பள்ளம் பள்ளமாகிவிடும்.

கருவி எதுவும் இல்லாமல், கையால் மட்டும், போல்ட்டை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடியும் போடலாம். போல்ட்டிலும் சட்டத்திலும் ஒரே இலக்கம் குத்தியிருக்கும். ஒன்றுடைய போல்ட்டை மற்றதில் போடக் கூடாது. ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் சட்டத்துக்கு அளவெடுத்துப் பொருத்தியிருப்பார்கள். ரவையின் அடிப்பாகத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் இடையில் விடுகிற இடைவெளி சிறிது கூடினாலும் கோது கிழிந்து, சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயும். அந்த அளவை உளியும் அரமும் அளவுகோலும் வைத்துச் சரிபார்த்தவர்கள் பெயர் தெரியாத தொழிலாளர்கள். மருதமுனையில் கைத்தறி நெய்கிறவர்களுக்கும் நம்முடைய தோணி கட்டுகிறவர்களுக்கும் நான் இதை விளக்க வேண்டியதில்லை. பொருத்தம் என்பது எவ்வளவு நேரத்தைத் தின்னும் வேலை என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்த நாட்டில் படைகளும் துவக்குகளும் எப்படி நடந்துகொண்டன என்பதற்கு வருகிறேன். 1915இல் சிங்கள - முஸ்லிம் கலவரம் நடந்தது. ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பஞ்சாபிச் சிப்பாய்களும் தோட்டத்துரைமாரின் தொண்டர் படையும் தெருவில் இறங்கினார்கள். முஸ்லிம்களைத் தாக்கியவர்களை அடக்குகிறோம் என்று வந்தவர்கள், விசாரணை என்ற பெயருக்குக் கூடப் பொருந்தாத விசாரணை நடத்தி, ஆட்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். ஹென்றி பேதிரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7ஆம் திகதி சுடப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்பதைப் பிற்பாடு நாடு ஏற்றது. அந்தக் கலவரத்தில் பாதிக்கப்பட்ட சமூகம் நம்முடையது. நமக்குப் பாதுகாப்பு என்று சொல்லி அப்படியொரு அநீதி நடந்ததையும் நாம் நினைவில் வைக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். அடுத்த ஆண்டு, 1916இல், சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் வழியில்தான் இன்றும் நம்முடைய வயற்காரர்கள் யானையை விரட்ட ஒரு சொட்கனுக்கு அனுமதிப்பத்திரம் கேட்டுக் கச்சேரிப் படி ஏறுகிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் திறீ நோட் திறீ பொலிஸ் நிலையங்களின் சுவரில் சங்கிலியோடு நின்றது. 1971 ஏப்ரல் 5ஆம் திகதி அதிகாலையில் வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது; அந்த இரவே நாட்டின் பல பகுதிகளிலும் பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டன. கிளர்ந்தெழுந்த இளைஞர்கள் தேடி வந்தது அங்கே இருந்த துவக்குகளைத்தான். 1982 ஒக்டோபர் 27ஆம் திகதி சாவகச்சேரிப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டபோதும் .303கள் அள்ளிச் செல்லப்பட்டன. கெட்டுப்போகாத பொருளின் இன்னொரு பக்கம் இது. உடையவன் கையில் எவ்வளவு நம்பிக்கையோடு வேலை செய்ததோ, பறித்தவன் கையிலும் அவ்வளவு நம்பிக்கையோடு வேலை செய்தது. அதற்குள் உலகம் ரி-56க்கும் ஏ.கே.47க்கும் போய்விட்டது. விசையை அழுத்திப் பிடித்தால் ஒரு ரவைக்கூடு முழுவதும் சில வினாடிகளில் காலியாகிற காலத்தில், ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியைத் திருப்புகிற ஒரு ரைபிளோடு கொன்ஸ்டபிள்மார் காவலுக்கு நின்றார்கள்.

1990 ஜூன் 11ஆம் திகதியை இந்தக் கரையில் யாருக்கும் நினைவுபடுத்த வேண்டியதில்லை. ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்லிப் பொலிஸாருக்கு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கல்முனை உட்படக் கிழக்கின் பொலிஸ் நிலையங்களிலிருந்து சரணடைந்த சிங்கள, முஸ்லிம் பொலிஸார் நூற்றுக்கணக்கானோர் திருக்கோவில் பக்கத்துக் காட்டுக்குள் கொண்டுபோய்க் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்த நாட்களில் இராணுவம் உள்ளே வந்தபோது கல்முனையில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் மக்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் நம்முடைய இளைஞர்களை ஊர்காவல் படையில் சேர்த்து, பெரும்பாலானோருக்குச் சொட்கனைக் கையில் கொடுத்தார்கள். தானியங்கித் துவக்கோடு வருகிறவனை எதிர்த்து, விடியும்வரை வயலோரத்தில் நிற்கச் சொன்னார்கள். நின்றார்கள், பலர் திரும்பி வரவில்லை. அதே ஓகஸ்டில் வீரமுனையில் தமிழ் மக்கள் கொல்லப்பட்டபோது ஊர்காவல் படையினர் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. இதையும் இந்த மண்டபத்தில், நம்முடைய வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டுத் துவக்கின் அழகைப் பேச எனக்கு உரிமை இல்லை.

இந்தியாவிலும் இதே கதைதான். 1962இல் இமயமலையில் சீனப் படையை எதிர்கொண்ட சிப்பாய்களின் கையில் .303 இருந்தது, எதிரே தானாக ரவை ஏறுகிற துவக்குகள். அதற்குப் பிறகுதான் அவசரமாகப் புதிய ரைபிளுக்குப் போனார்கள். இடைக்கால ஏற்பாடாக, அதே பழைய வடிவத்தை உறுதியான உருக்கில், 7.62 மில்லிமீற்றர் ரவைக்கு ஏற்ப இஷாப்பூர் செய்தது. 2ஏ, 2ஏ1 என்று பெயர். பத்துக்குப் பதிலாகப் பன்னிரண்டு ரவை. 1907இன் வடிவத்தை 1970கள் வரை ஒரு தொழிற்சாலை புதிதாகச் செய்துகொண்டிருந்தது என்பது வியப்புக்குரிய விசயம். 2008 நவம்பர் 26ஆம் திகதி இரவு, மும்பை ரயில் நிலையத்தில் இரண்டு பேர் தானியங்கித் துவக்குகளோடு புகுந்தபோது, அங்கிருந்த காவலர்களில் சிலரிடம் .303 இருந்தது, பலரிடம் பொல்லுத்தான் இருந்தது. ஒரு ரயில்வே காவலர் பக்கத்தில் நின்றவரின் .303ஐப் பறித்து எடுத்துச் சுட்டார். உத்தரப் பிரதேசப் பொலிஸ் அந்த ரைபிளுக்கு விடைகொடுத்தது 2020ஆம் ஆண்டுக் குடியரசு தின அணிவகுப்பில்தான்.

ஏன் இவ்வளவு தாமதம்? கெடவில்லை என்பதால் மாற்றவில்லை. வரவுசெலவுத் திட்டம் எழுதுகிறவருக்கு, கெடாத பொருள் ஒரு வசதி. ரவை இருக்கிறது, குழல் இருக்கிறது, கொன்ஸ்டபிள் இருக்கிறார். இன்னொரு வருடம் போகட்டும். அந்த இன்னொரு வருடத்தின் விலையைக் கொடுத்தவர் அந்தக் கொன்ஸ்டபிள். ஒரு நல்ல தொழிலாளி நூறு வருடம் நிற்கும்படி ஒன்றைச் செய்தார். அந்த நேர்மையை வைத்துக்கொண்டு அரசுகள் தங்கள் கடமையைத் தள்ளிப்போட்டன. இதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வயது போனாலும் அந்தக் கோபம் போகவில்லை.

கனடாவின் வடதுருவப் பகுதியைப் பாருங்கள். அங்கே கனேடிய ரேஞ்சர்ஸ் என்ற காவல் படை 1947இல் உருவானது. பலர் இனுயிட் மக்கள், பனிக்காட்டின் பிள்ளைகள். அவர்களுக்கு நம்பர் 4 லீ-என்பீல்ட் கொடுத்தார்கள். உறையும் குளிரில் நுணுக்கமான பொறிகளின் எண்ணெய் இறுகிப்போகும். கையால் இழுத்துத் தள்ளுகிற பொறி மட்டும் அசையும். பனிக்கரடி வந்தால் முதல் வெடியே போக வேண்டும். எழுபது வருடங்களாக அதுதான் அவர்களுடைய ரைபிள். பிறகு மாற்ற வேண்டி வந்தது உதிரிப்பாகங்கள் கிடைக்காமல் போனதால்தான். மாற்றும்போதும் அவர்கள் கேட்டது இன்னொரு கைப்பிடி ரைபிளையே. பின்லாந்தில் வடிவமைத்த டிக்காவைத் தழுவி, சி-19 என்ற பெயரில், கிச்சனர் நகரில் புதிதாகச் செய்து கொடுத்தார்கள். சிவப்பு நிறப் பலகையொட்டுப் பிடங்கு. பனியில் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். கிச்சனருக்குப் பக்கத்தில்தான், இன்றைய கேம்பிரிட்ஜ் நகருக்குள், லீ வளர்ந்த பழைய கோல்ட் இருக்கிறது. கடிகாரக் கடையில் தொழில் பழகிய பிள்ளையின் ரைபிளுக்கு மாற்று, அவர் வளர்ந்த ஊரின் பக்கத்திலேயே செய்யப்பட்டது. அங்கே தேவை பார்த்துக் கொடுத்தார்கள். தேவை பார்த்து மாற்றினார்கள். கொடுத்ததும் கைப்பிடி ரைபிள்தான், ஆனால் கொன்ஸ்டபிளுக்கு நடந்தது அங்கே நடக்கவில்லை.

இனி விரும்பி வாங்குகிறவர்களைப் பற்றிச் சில வார்த்தைகள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் படைகளிடம் மலை மலையாகக் குவிந்த ரைபிள்களை வியாபாரிகள் எடைக்கு வாங்கி, அமெரிக்காவில் தபால் மூலம் மலிவாக விற்றார்கள். சாமுவேல் கமிங்ஸ் என்பவரின் களஞ்சியங்கள் இதற்குப் பேர்போனவை. 1968இல் அமெரிக்கா சட்டத்தை இறுக்கியது. அதற்கு முன்பே கெனடி ஜனாதிபதியைக் கொன்ற இத்தாலிய ரைபிளும் தபாலில் வாங்கிய பழைய படைத் துவக்குத்தான். குவியல் கரைந்தது, விலை ஏறியது, மலிவுப் பொருள் அரும்பொருளாகியது. அப்போதுதான் புதிதாகச் செய்யலாமே என்ற எண்ணம் பிறந்தது. அவுஸ்திரேலியாவில் ஒரு நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்பர் 4 வடிவில் 7.62 ரைபிளைப் புதிதாகச் செய்து விற்றது. ஜெர்மனியில் மௌசர் நிறுவனம் தன் 1898ஆம் ஆண்டு வடிவத்தை, ஒரே உருக்குக் கட்டியிலிருந்து கணினி இயந்திரத்தால் கடைந்து, மறுபடியும் வேட்டைக்காரர்களுக்கு விற்கிறது. சாதாரண வேட்டை ரைபிளைவிடப் பல மடங்கு விலை. அந்தக் காலத்தில் ஒரு சட்டத்தை இரும்பில் அடித்து உருவாக்கி, பல இயந்திரங்களில் மாற்றி மாற்றிக் கடைந்து, கடைசியில் கையால் அரம் போட்டு முடித்தார்கள். அரசு பணம் கொடுத்தது, இலட்சக்கணக்கில் செய்தார்கள், அதனால் கட்டுப்படியானது. இன்று அதே வேலையைச் சில நூறு பேருக்காகச் செய்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது. பாகிஸ்தானில் தர்ரா ஆதம் கேல் என்ற ஊரின் கடைத்தெருவில் பட்டாணியக் கம்மாளர்கள் கையாலேயே இதைப் பிரதி செய்தார்கள்; முத்திரையிலுள்ள ஆங்கில எழுத்துகளை வாசிக்கத் தெரியாமல் அப்படியே கொத்தியதால் சிலவற்றில் எழுத்து தலைகீழாக இருக்கும். அங்கே செய்ததில் உருக்கு எப்படிப்பட்டது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

பிடித்துப்போவதற்குக் காரணம் என்ன என்று என்னிடம் கேட்டால், ஒளிவுமறைவு இல்லாத பொறி என்பதுதான் என் பதில். போல்ட்டைத் திருப்பினால் உள்ளே என்ன நடக்கிறது என்பது கண்ணுக்கும் காதுக்கும் தெரிகிறது. பழுது வந்தால் இன்ன இடத்தில் என்று சொல்லிவிடலாம். நம் வீட்டு மின்சாரப் பொருள் ஒன்று நின்றுவிட்டால் அதைத் திறந்து பார்க்கக் கூட விடாத காலத்தில், திறந்து பார்த்து விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு பொருளின் மேல் மனிதனுக்குப் பற்று வருவது இயல்பு. அந்தப் பற்றை நான் மதிக்கிறேன். அது கொலையின் மேல் உள்ள பற்று அல்ல, வேலைப்பாட்டின் மேல் உள்ள பற்று. கவலைப்பட வைப்பது வேறொன்று. அந்தச் சேகரிப்பாளர்களின் புத்தகங்களில் ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு பந்தி இருக்கிறது. எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு, எந்த மரம், எல்லாம் இருக்கிறது. இங்கே அதைத் தூக்கிக்கொண்டு விடியவிடிய நின்றவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. தமிழில் அப்படியொரு நூலை நான் படித்ததில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தச் சபையில் ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட்மார் இருக்கிறீர்கள். ஊர்காவல் படையில் இருந்தவர்கள் இருக்கிறீர்கள். சம்மாந்துறையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். காரைதீவிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் தமிழ் நண்பர்கள் வந்திருக்கிறீர்கள். அந்தத் துவக்குகளின் மறுமுனையில் நின்ற நினைவு உங்களுக்கு உண்டு. உங்களுக்குத் தந்த துவக்கின் பிடங்கு இலக்கம் நினைவிருந்தால் சொல்லுங்கள். எந்த நிலையத்தில் நின்றீர்கள், எத்தனை ரவை தந்தார்கள், முதல் தடவை எப்போது சுட்டீர்கள், சுடாமல் விட்டது எப்போது, எல்லாம் சொல்லுங்கள். பெயர் போட விருப்பமில்லாவிட்டால் பெயர் வேண்டாம். வாசலில் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். ஒன்றில் எழுதிக்கொள்ள இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள், மற்றதில் குரலைப் பதிவு செய்யலாம். அஸர் தொழுகைக்கு இடைவேளை விட்டு, பிறகும் மாலை ஆறு மணி வரை இருப்பார்கள்.